‘பெண்களாலும் முடியும்’ என்று சொல்லாதீர்கள்: விண்வெளித் துறைக்கு அழைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெண் பிள்ளைகளை விமான, விண்வெளித் துறைகளுக்கு அழைக்கும் மேடைகளில் தவறாமல் வரும் வாக்கியம், “பெண்களாலும் முடியும்”. சொல்பவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் அந்த ‘உம்’ என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். இலக்கண வகுப்பில் இதற்கு இழிவு சிறப்பும்மை என்று பெயர். “குழந்தைக்கும் புரியும்” என்று சொன்னால், குழந்தைக்குப் புரியாது என்பதுதான் வழக்கம் என்றாகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இலக்கணப் பெயர் தெரியாமல் இருக்கலாம். அந்த ‘உம்’ காதில் நன்றாகவே விழும். அதுவரை சந்தேகமே வராதவளுக்கு நாமே ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். 1963 ஜூனில் சோவியத் வீராங்கனை வாலென்டினா தெரஷ்கோவா வஸ்தோக் 6 கலத்தில் தனியாளாகப் போய், பூமியை 48 முறை சுற்றிவிட்டுத் திரும்பினார். முடியுமா என்ற பேச்சு அன்றே முடிந்துவிட்டது. இந்த வேலையில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்பதைத்தான் நாம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம், விண்வெளி வீராங்கனையின் படத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருப்பது. உலகம் முழுக்கக் கணக்கெடுத்தாலும் விண்வெளிக்குப் போய்வந்தவர்கள் சில நூறு பேர்தான். அந்த ஒரே குறுகிய கதவைக் காட்டிவிட்டு “உள்ளே வா” என்றால், கணக்குப் போடத் தெரிந்த பெண் திரும்பிப் போய்விடுவாள். செயற்கைக்கோளைக் குலுக்கிப் பார்க்கும் அதிர்வுச் சோதனை, எரிபொருள் தொட்டியின் வெல்டிங்கை எக்ஸ்ரேயில் பார்ப்பது, வழிநடத்தும் மென்பொருள், விமானப் பராமரிப்பு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று வேலைகள் தரையில்தான் குவிந்து கிடக்கின்றன.

எனக்குப் பிடித்த உதாரணம் பியாட்ரிஸ் ஷில்லிங். சிறு வயதிலேயே மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிப் பழகிய பிரிட்டிஷ் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு ஒரு கோளாறு இருந்தது. விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் மேலே எகிறும். முதலில் எஞ்சின் திணறும், பிறகு பெட்ரோல் அளவுக்கு மீறிப் பெருகி நின்றே போய்விடும். எதிரி விமானத்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஷில்லிங் கொடுத்த தீர்வு, நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எஞ்சின் முழு வேகத்தில் ஓடத் தேவையான பெட்ரோலை மட்டும் விட்டு, மிச்சத்தை அது தடுத்தது. விமானத்தைப் பட்டறையில் நாள் கணக்கில் போட்டுவைக்கத் தேவையில்லை. நிற்கிற இடத்திலேயே மாட்டிவிடலாம். 1941இல் அவரே தளம் தளமாகப் போய் மாட்டுவித்தார். வீராங்கனை படத்தைவிட இந்தப் பித்தளைத் துண்டின் கதையைக் கேட்டுக் கண் விரியும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கதையோடு நின்றாலும் போதாது, கை படவேண்டும். இங்கேதான் பெரிய தவறு சத்தமில்லாமல் நடக்கிறது. மாணவர்களுக்கான ஒரு பயிலரங்கில் தண்ணீர் ராக்கெட் செய்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில், அட்டை இறக்கைகள், தக்கை, சைக்கிள் பம்ப். குழுவுக்கு நான்கு பேர். பம்ப் ஒரு பையன் கையில், கத்தரிக்கோல் இன்னொருவன் கையில். பெண்ணிடம் நோட்டுப் புத்தகம்: “உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ எழுது.” யாரும் அவளைத் தடுக்கவில்லை, பாராட்டித்தான் ஓரமாக உட்கார வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் இரண்டாவது சுற்றில் வேலைகளை மாற்றிக் கொடுத்தார். அவள் செய்த ராக்கெட் மேலே கிளம்பி, குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. உடனே ஒரு தன்னார்வலர் ஓடிவந்து, “குடும்மா, நான் சரி பண்றேன்” என்று பாட்டிலை வாங்கிவிட்டார். எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, அவள் திருப்பி வாங்கிக்கொண்டாள். நேராகப் பறக்க ராக்கெட்டின் எடை மையம், காற்றின் விசை ஒன்றுசேரும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். மூக்கில் கொஞ்சம் களிமண் அப்பினால் சரியாகிவிடும். அதை அவள் கண்டுபிடிக்க இன்னும் மூன்று முறை விழவேண்டியிருந்தது. அந்த மூன்று விழுதல்களைப் பறிப்பதற்குத்தான் நாம் உதவி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

“நீ ரொம்பக் கெட்டிக்காரி” என்ற பாராட்டும் இதே ரகம். முதல் முறை கணக்கில் மதிப்பெண் குறைந்ததும், கெட்டித்தனம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வாள். எந்த இடத்தில் எப்படி யோசித்தாள் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். கணிதத்தை மட்டும் பாதியில் விடவேண்டாம் என்பதையும் நேராகவே சொல்லிவிடலாம். மற்றபடி பட்டப்படிப்பில் கறாராக இருக்கத் தேவையில்லை. நிலவுக்குப் போன அப்பல்லோவின் பறப்பு மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன் படித்தது கணிதம். விண்வெளி நிலையத்துக்குப் போன ஜெசிகா மீர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது எம்பரர் பெங்குவின்கள் எப்படி மூச்சடக்கி முக்குளிக்கின்றன என்பதை.

சேர்த்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது நிறுவனங்களின் தவறு. 1983இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு ஒரு வாரப் பயணத்துக்குத் தயாரானபோது, மாதவிடாய்க்கு நூறு டாம்பான் போதுமா என்று பொறியாளர்கள் அவரிடம் கேட்டார்கள். நிருபர்களோ, வேலையில் ஏதாவது தப்பானால் அழுவீர்களா என்று கேட்டார்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து செய்யவிருந்த முதல் விண்வெளி நடை நடக்கவில்லை. இருவருக்கும் தேவைப்பட்ட நடுத்தர அளவு மேலுடை ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபரில்தான் கிறிஸ்டினா கோக்கும் மீரும் சேர்ந்து வெளியே போனார்கள். பட்டறைக் கையுறையில் சின்ன அளவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைத்தால், புதிதாக வருபவள் முதல் நாளே விரல் நுனி தொளதொளக்க ஸ்பேனர் பிடிக்க வேண்டியிருக்காது.

பேச அழைக்கும் பொறியாளரிடம் “குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்கிறோமே, பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆணிடம் ஏன் கேட்பதில்லை? பெரிய பெயர்களை மட்டுமே அழைப்பதும் வீண். படிப்பு முடித்து இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆன ஒருத்தி வந்தால், நுழைவுத் தேர்வில் எங்கே தடுமாறினாள் என்பது வரை கூச்சமில்லாமல் கேட்கலாம்.

இன்னொன்று: ஏன் இந்தத் துறைக்கு வர ஆசை என்று கேட்டுவிட்டு, உயர்ந்த பதிலை எதிர்பார்க்காதீர்கள். பையன்கள் புகையும் சத்தமும் பிடித்துப்போய் வருகிறார்கள், அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. க்வின் ஷாட்வெல் பள்ளியில் படிக்கும்போது, அவருடைய அம்மா அவரைப் பெண் பொறியாளர்கள் பேசும் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார். அங்கே பேசிய ஒரு மெக்கானிக்கல் பொறியாளரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவர் போட்டிருந்த சூட்டும்தான் பிடித்துப்போனது என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதே படிப்பைப் படித்தார், 2008இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவரானார்.