வேலை தேடும்முன் ஒரு கேமை முடித்து உலாவியில் ஏற்றுங்கள்

கேம் துறையில் முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தொட்டவுடன் ஓடுகிற ஒரு கேமின் லிங்க் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பங்களைப் பார்ப்பவர் ஸிப் கோப்பை இறக்கி, பிரித்து, வைரஸ் எச்சரிக்கையையும் தாண்டி ஆடிப் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவில் (Godot) செய்த சின்ன கேமை, கேம்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் உலாவியிலேயே ஆடும்படி ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம். கோடோவில் கேமைக் கட்டும் அடிப்படைத் துண்டுகளான நோடு, சீன் பற்றித் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரு திரை, ஒரு செயல், தோல்வி, மறுபடி ஆட ஒரு பொத்தான். இவ்வளவு போதும். பாதியில் நிற்கும் பெரிய ஆர்பிஜியைவிட (கதாபாத்திரமாக ஆடும் நீண்ட கேம்) முடித்த சின்ன கேம் மேல். கெடு வைத்தால்தான் வேலை ஓடும் என்பவர்கள், குறுகிய கெடுவுக்குள் கேம் செய்யும் நிகழ்வான கேம் ஜாமில் சேரலாம். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் நடக்கிறது.

2. புராஜெக்ட் தொடங்கும்போதே ரெண்டரராக (திரையில் படம் வரையும் பகுதி) கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள். கோடோ 4இல் வெப்புக்கு அது மட்டும்தான். கோடோவின் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள்; சி ஷார்ப் மொழி என்றால் வெப் எக்ஸ்போர்ட் (உலாவியில் ஓடும் வடிவமாக மாற்றுவது) சிக்கலாகிவிடும்.

3. உங்கள் கோடோ பதிப்புக்கே உரிய எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டை இறக்கி, வெப் என்பதைச் சேர்த்து, கோப்புக்கு இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் (index.html) என்றே பெயரிடுங்கள். த்ரெட் வசதியை (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது) அணைத்தே வையுங்கள். கோடோ 4இல் 4.3க்கு முந்தைய பதிப்புகளில் அதை அணைக்க வழியில்லை. அவற்றில், சர்வர் தனி ஹெடர்கள் (கோப்போடு உலாவிக்கு அனுப்பும் குறிப்புகள்) அனுப்பாவிட்டால், ஷேர்டு அரே பஃபர் (SharedArrayBuffer) இல்லை என்ற பிழையோடு கேம் நின்றுவிடும். புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

4. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எக்ஸ்போர்ட் ஆன கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஓடாது. உலாவி அதை சர்வர் வழியாகத்தான் ஏற்கும். எடிட்டரிலேயே உலாவியில் ஓட்டிப் பார்க்கும் பொத்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அப்படியும் படமோ ஒலியோ காணவில்லையா? கோப்புப் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் ஆன கேம் அப்படி எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் எடிட்டரில் நன்றாக ஓடியது வெளியே உடைகிறது. முதல் நாளிலிருந்தே எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு (_) போட்டு வையுங்கள். இன்னும் ஓடவில்லையென்றால், உலாவியில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலில் முதல் சிவப்பு வரியைப் படியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

5. ஃபோல்டரை ஸிப் செய்யாதீர்கள். ஃபோல்டருக்குள் போய், கோப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஸிப் செய்யுங்கள். இண்டெக்ஸ் கோப்பு ஸிப்பின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். இட்சில் புராஜெக்ட் வகையை ஹெச்டிஎம்எல் என மாற்றி, உலாவியில் ஆடும் கோப்பு இதுதான் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். திரை அளவு உங்கள் புராஜெக்டின் அளவோடு ஒத்துப்போகட்டும். இல்லையென்றால் ஓரம் வெட்டுப்படும்.

6. பக்கத்தில் நீங்கள் செய்தது எது என்று எழுதுங்கள். குழுவாகச் செய்திருந்தால் "எதிரியின் நகர்வு, சேமிக்கும் முறை என்னுடையவை" என்பதுபோல் குறிப்பாக. படமும் இசையும் பிறருடையதென்றால் உரிமத்தோடு பெயரும் வேண்டும். நிரலின் (code) லிங்க்கையும் கொடுங்கள்.

கோடோ இலவசம், இலகுவானது. முதல் கேமுக்கு அதையே சொல்வேன். நீங்கள் குறிவைக்கும் நிறுவனம் யூனிட்டி, அன்ரியல் போன்ற வேறு கேம் மென்பொருளைக் கேட்டால் இரண்டாவது கேமை அதில் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: "தொடக்கத்தில் இசை வரவில்லை" என்பவர்களுக்கு. பயனர் ஒருமுறை தொடும்வரை உலாவிகள் ஒலியைத் தடுக்கும். "ஆடு" என்ற பொத்தானோடு தொடக்கத் திரை வைத்து, அதை அழுத்திய பிறகு இசையைத் தொடங்குங்கள்.