கோழி அடைய மறுத்தால் மூங்கிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பொழுது சாய்ந்தும் கோழிகள் கூண்டில் அடையாமல் முருங்கையில் ஏறின. கொண்டை வெளிறியது, அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்துவிட்டது. பாம்பு, கீரித் தடம் தேடினேன், இல்லை. குடற்புழு மருந்தும் உதவவில்லை. பகலில் இறகை விரித்துப் பார்த்தால் ஒரு பூச்சிகூடக் கிடையாது.

இரவில் டார்ச் அடித்து, கோழி உட்காரும் மூங்கிலின் அடியை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் ரத்தக் கோடுகள். செள்ளு! சிவப்புச் செள்ளு பகலெல்லாம் மூங்கில் பிளவிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்திருந்து, இரவில்தான் ஏறி ரத்தம் குடிக்கும். கோழிக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை, வைத்தியம் கூண்டுக்கு.

மூங்கிலை எரித்துவிட்டு, பட்டை சீவிய 2 அங்குலச் சவுக்குக் கம்பு போட்டேன். இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு. வெயில் காலத்தில் முட்டை ஒரு வாரத்தில் வளர்ந்த செள்ளாகிவிடும். அதனால் 6ஆம் நாள் மறுபடியும். இப்போது நிம்மதி. கூண்டைக் காலியாகப் பூட்டிவைத்துச் செள்ளைப் பட்டினி போட நினைக்காதீர்கள், ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும்.