‘ஜாய் ஆஃப் லைஃப்’ பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்போது வரும் தவறுகள்

‘ஜாய் ஆஃப் லைஃப்’ சீனத் தொடரைத் தொடங்கிய கையோடு பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிங் நாட்டு மன்னர் என்கிறார்கள். ஆனால் முன்பக்கம் மழித்து, பின்னால் பின்னல் தொங்கவிட்ட தலை ஒன்றைக்கூடக் காணோமே? ஆராய்ச்சி பண்ணாமல் எடுத்துவிட்டார்களா?" கேட்பவர் மனத்தில் இருப்பது 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சம். தொடரில் வருவது அதுவல்ல. சீன எழுத்தில் இரண்டும் வேறு வேறு. ஆங்கில சப்டைட்டிலில்தான் ஒரே மாதிரி வந்து விழுகின்றன. போதாக்குறைக்கு, இதில் மன்னராக வரும் ச்சென் டாவ்மிங் 2001இல் வெளியான இன்னொரு தொடரில் அசல் சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷியாகவே நடித்தவர். குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தெற்கே சிங், வடக்கே ச்சி, கிழக்கே டோங்யி நகரம் எல்லாமே மாவ் நி என்ற எழுத்தாளரின் கற்பனை. 2007 முதல் 2009 வரை இணையத்தில் தொடராக அவர் எழுதிய நாவல்தான் 2019 நவம்பரில் 46 எபிசோடுகளாகத் திரைக்கு வந்தது. இல்லாத வம்சத்தை உண்டாக்கிக் கதை சொல்வது சீன இணைய நாவல்களில் சர்வ சாதாரணம். அதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த அரசரையும் கேலி செய்யலாம், எந்த மந்திரியையும் திருடனாக்கலாம், வரலாற்றுப் பேராசிரியர் யாரும் சண்டைக்கு வரமாட்டார். ஆக, இந்தத் தொடருக்கு முன்னால் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது வீண்வேலை. அதற்காக எதையும் கேட்கக்கூடாது என்றில்லை. இந்தக் கற்பனை உலகம் தனக்கென்று விதிகளை வைத்திருக்கிறது. வீரர்களுக்கு ஒன்பது படிகள், அதற்கும் மேலே நான்கே நான்கு பெரும் ஆசான்கள் என்று அது சொல்லிவிட்டது. எட்டாம் படிக்காரனைப் புதியவன் ஒருவன் வீழ்த்தினால் எப்படி முடிந்தது என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

(இனி வருவதில் முதல் பருவத்தின் சில முக்கியத் திருப்பங்கள் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதல் எபிசோடின் தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பவர்களும் நிறைய. அரண்மனையையும் வாள்சண்டையையும் எதிர்பார்த்து வந்தால், ஒரு கல்லூரி மாணவன் பேராசிரியரிடம் தான் எழுதிய கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்! ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குக் காரணம் இருக்கிறது. நாவலில், தசை பலமிழக்கும் நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்த இந்தக் காலத்து இளைஞன் இறந்துபோய், பழைய உலகில் குழந்தையாகப் பிறக்கிறான். அவன்தான் நாயகன் ஃபான் ஷியான். சீனாவிலோ, காலம் தாண்டிப் போகும் தொடர்கள் வரலாற்றை விளையாட்டாக்குகின்றன என்று ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே கண்டித்திருந்தது. அதனால் திரைக்கதையில் ஒரு சுற்றுவழி: யாரும் காலம் தாண்டவில்லை, இது மாணவன் ஒருவன் எழுதும் கதை, அவ்வளவுதான். இதைத் தள்ளிவிட்டவர்தான் பிறகு "இவன் மட்டும் ஏன் இந்தக் காலத்து ஆள் மாதிரி பேசுகிறான்?" என்று கேட்கிறார்.

இதையெல்லாம் சின்னக் குழப்பங்கள் என்று விட்டுவிடலாம். பெரிய தவறு நகைச்சுவையைப் பற்றியது. "கதை நல்ல கதை, நடுநடுவே காமெடி போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு கட்சி. "ஜாலியான தொடர், ரொம்ப யோசிக்காதீர்கள்" என்று இன்னொரு கட்சி. காமெடி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று இரண்டு தட்டில் வைத்துப் பார்ப்பதில் இரு கட்சியும் ஒன்றுதான். இந்தத் தொடரில் அந்தப் பிரிவினை செல்லாது.

கோழிக்கால் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகருக்கு வந்த ஃபான் ஷியான் ஒரு கோயிலுக்குள் போகிறான். பூசை மேசையின் துணியைத் தூக்கினால், கையில் கோழிக்காலோடு ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் காதல். தனக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்தக் கோழிக்கால் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அவன் அலைய, இருவரும் ஒருத்திதான் என்று நமக்குத் தெரிந்தும் அவனுக்குத் தெரியாமல் பல எபிசோடுகள் ஓடுகின்றன. பழைய ஆள்மாறாட்டக் காமெடிதான். ஆனால் அவள் ஏன் ஒளிந்து சாப்பிடுகிறாள்? நுரையீரல் நோயென்று இறைச்சியே கூடாதெனக் கட்டுப்பாடு. யார் அவள்? அரசரின் தங்கைக்கும் முதன்மை மந்திரிக்கும் பிறந்து, வெளியே சொல்ல முடியாமல் அரண்மனையில் வளர்க்கப்பட்ட மகள். அவளைக் கட்டுபவனுக்கு அரசரின் சொந்தக் கருவூலத்தை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைக்கும். நாட்டிலுள்ள சதிகளில் பாதிக்கு அதுதான் காரணம். ஒரு கோழிக்காலை வைத்து இத்தனையையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறார் திரைக்கதை எழுதிய வாங் ஜுவான். அந்தக் காட்சியை வெறும் சிரிப்பு என்று ஒதுக்கினால் கதையின் பாதி கையை விட்டுப் போகும்.

இதற்கு நேரெதிரான உதாரணம் தெங் ஸிஜிங். கொலை செய்ய வந்து, நண்பனாகி, ஃபான் ஷியானுக்கு மெய்க்காப்பாளனாகச் சேர்ந்தவன். முதல் பத்துப் பன்னிரண்டு எபிசோடுகளில் இருவருக்கும் நடக்கும் பேச்செல்லாம் கிண்டல்தான். அப்புறம் நியூலான் தெருவில் அவன் செத்துப்போகிறான். நாவலில் அவன் சாவதில்லை. காயத்தோடு பிழைத்து, வீட்டு நிர்வாகம் பார்த்துக்கொண்டு கதை நெடுக வருகிறான். நாவலைப் படித்தவர்கள் இந்த மாற்றத்தைத்தான் முதலில் குறை சொன்னார்கள். ஆனால் அவன் செத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃபான் ஷியான் சந்திக்கும் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: செத்தது ஒரு காவலாள்தானே? அவர்களில் பலர் கெட்டவர்கள்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிறார்கள். கூடச் சிரித்துப் பேசியவன் என்பதால் நமக்குப் பதறுகிறது. அந்த ஊருக்கு அது ஒரு கணக்கு. எல்லா உயிரும் சமம் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவன் அந்த ஊரில் எவ்வளவு தனி ஆள் என்பதை நாவலின் வழியில் போயிருந்தால் இவ்வளவு கூர்மையாகக் காட்டியிருக்க முடியாது.

இங்கேதான் ‘நாவலில் இப்படி இல்லையே’ என்ற அளவுகோலின் சிக்கல். நாவலுக்கு எது உண்மை என்று பார்ப்பதைவிட, மாற்றியது எதைச் சாதித்தது என்று பார்ப்பது பயன்தரும். வாங் ச்சீநியான் பாத்திரம் நல்ல சான்று. நாவலில் நாயகனின் கையாளாக அடக்கமாக வருபவர். தொடரிலோ, ஊருக்குப் புதிதாய் வந்தவன் தலையில் வரைபடத்தைக் கட்டிக் காசு பார்க்கும் கண்காணிப்பு மன்றத்து ஊழியர், வீட்டுக்காரம்மாவுக்கு நடுங்குபவர், ஓட்டத்தில் மன்னன். தியான் யு நடிப்பில் இந்த ஆள் வந்தாலே காட்சி சூடு பிடிக்கிறது. அதேபோல் நாவலின் நாயகனுக்கு மனைவி தவிர வேறு பெண்களும் உண்டு. தொடர் அவனை ஒருத்திக்கு ஒருத்தனாக்கிவிட்டது. இது எனக்குப் பிடித்த மாற்றம். ஆனால் அதற்கு ஈடாக அந்த ஒருத்திக்கு, லின் வானருக்கு, கோழிக்காலுக்குப் பிறகு செய்வதற்குப் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. காத்திருக்கிறாள், கவலைப்படுகிறாள், சிரிக்கிறாள். குறை சொல்ல வேண்டுமென்றால் இங்கே சொல்லலாம். தெங் ஸிஜிங்கை ஏன் கொன்றீர்கள் என்று கேட்பதைவிட இதில் நியாயம் அதிகம்.

கவிதைத் திருட்டுப் பிரச்சினையும் அடிக்கடி எழும். ஃபான் ஷியான் தனக்கு நினைவிலிருக்கும் பழைய சீனக் கவிதைகளைச் சொல்லித்தான் பெயர் வாங்குகிறான். கவியரங்கில் அவன் சொல்வது தாங் காலத்துக் கவிஞர் து ஃபு எழுதியது. ‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்று 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரும் சீன நாவலையும் தன் பெயரில் எழுதிக் கொடுக்கிறான். தம்பி ஃபான் ஸிஜே அதில் காசைப் பார்த்துப் புத்தகக் கடையே திறந்துவிடுகிறான். "நாயகன் என்று சொல்லிக்கொண்டு இப்படித் திருடுகிறானே, இதைப் போய் ரசிப்பதா?" என்று கோபப்படுபவர்கள், தொடருக்கே இது தெரியும் என்பதைக் கவனிப்பதில்லை. அரண்மனை விருந்தில் பேரறிஞர் ஜுவாங் மோஹான் எழுந்து, அந்தக் கவிதையின் கடைசி நான்கு வரிகள் என் ஆசிரியருடையவை, இவன் திருடன் என்கிறார். அவர் சொல்வது பொய். ஆனால் திருடன் என்பது மெய். பொய்க் குற்றச்சாட்டில் மாட்டிய உண்மைக் குற்றவாளி என்ன செய்வான்? குடிக்கிறான். குடித்துவிட்டு மண்டபத்தின் நடுவே நின்று, எழுதுபவர்கள் கை சளைக்கும்வரை ஆயிரம் ஆண்டுக் கவிதைகளை மளமளவென்று கொட்டுகிறான். முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு சிலிர்க்கிறது. அந்தக் காட்சியில் ஃபான் ஷியானாக நடிக்கும் ஜாங் ருவோயுன் முகத்தில் வெற்றிக் களிப்பு மட்டுமில்லை என்பதைக் கவனித்தால் போதும். அந்தக் கவிஞர்கள் யாருமே இல்லாத உலகில் அவர்களை அறிந்த ஒரே ஆள் அவன்.

இப்படிப்பட்ட காட்சிகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டு "காமெடி எடுபடவில்லை" என்று சொல்பவர்களை என்ன செய்வது? இந்தத் தொடரின் நகைச்சுவை இடைவெளியில் இருக்கிறது. ஃபான் ஸிஜேயாக வரும் குவோ ச்சீலின், ஷியாங்ஷெங் என்ற சீன மேடைப் பேச்சுக்கலையில் வளர்ந்தவர். அவருடைய தந்தை குவோ டகாங் அந்தக் கலையின் பெரிய பெயர். பெரும்பாலும் இருவர் நின்று பேசுவது அது. ஒருவர் அளந்துவிடுவார், மற்றவர் ‘அப்படியா, அப்புறம்?’ என்று எடுத்துக்கொடுப்பார். சிரிப்பு எடுத்துக்கொடுப்பவரின் தாமதத்தில் இருக்கும். ஃபான் ஷியானும் வாங் ச்சீநியானும் பேசும்போதும், அண்ணனும் தம்பியும் பங்குப் பணத்துக்குப் பேரம் பேசும்போதும் அந்தத் தாளம் கேட்கும். வேகத்தைக் கூட்டினால் அது போய்விடும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதும் தவறான வழிதான். சீனாவின் தௌபான் தளத்து எண்ணை எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த எண்ணுக்குள் தொடரைப் பற்றிய கருத்து மட்டும் இல்லை. முதல் பருவம் ஓடும்போது, சந்தா கட்டியவர்களிடமே இன்னும் 50 யுவான் கொடுத்தால் அடுத்த எபிசோடுகளை முன்கூட்டிப் பார்க்கலாம் என்று தொடரை வெளியிட்ட இணையத் தளங்கள் சொன்னபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு சந்தாதாரர் அவற்றில் ஒன்றான ஐச்சியீ நிறுவனத்தின் மீது வழக்குப் போட, 2020 ஜூனில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 அக்டோபரில் முக்கியத் தளங்கள் அந்த முறையையே கைவிட்டன. அத்தனை கோபமும் தொடரைப் பற்றிய பேச்சோடு கலந்தது. இன்னொரு பக்கம் நடிகர்களின் ரசிகர் படை. 2019 கோடையில் இன்னொரு தொடரால் உச்சத்துக்குப் போன ஷியாவ் ஜான் இதிலும் இருக்கிறார் என்று கேட்டு வந்தவர்கள் ஏராளம். அவர் வருவதோ தொடரின் கடைசிப் பகுதியில். "முப்பது எபிசோடு பார்த்தும் ஆளைக் காணோம்" என்று குறைந்த மதிப்பெண் போட்டால் அது தொடரின் குற்றமா?

2024 மேயில் 36 எபிசோடுகளோடு இரண்டாம் பருவம் வந்தபோது ஷியாவ் ஜான் நடித்த பாத்திரத்தில் வு ஷிங்ஜியன் இருந்தார். நாலரை ஆண்டு இடைவெளி; இதற்கிடையில் ரசிகர்கள் முதல் பருவத்தை நினைவில் மெருகேற்றி வைத்திருந்தார்கள். கத்திக்குத்தோடு நின்ற கதைக்கு விடை தேடி வந்தவர்களுக்கு, தொடக்க எபிசோடுகளின் தொடர் வேடிக்கை எரிச்சலூட்டியது. அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. முதல் பருவத்தில் சிரிப்பு கதையை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் பருவத்தின் முதல் சில எபிசோடுகளில் கதை நின்று சிரிப்புக்கு வழிவிடுகிறது. விளம்பரங்களும் தாராளம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டவர்கள், பின்னால் லஞ்ச வழக்குகளிலும் தேர்வு முறைகேட்டிலும் தொடர் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இதே அளவுகோலை இந்த வகைத் தொடர் எல்லாவற்றுக்கும் பொருத்துவதும் கூடாது. குவோ ச்சீலின் நாயகனாக நடித்து 2021 பிப்ரவரியில் வந்த ‘மை ஹீரோயிக் ஹஸ்பண்ட்’டும் இணைய நாவலிலிருந்து பிறந்ததுதான். வீட்டோட மாப்பிள்ளையாகப் போகிறவனின் கதை. மாப்பிள்ளைகளுக்கு அடக்க ஒடுக்கம் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடமே அதில் உண்டு. மருமகள்களுக்குக் காலங்காலமாகச் சொன்ன புத்திமதியை அப்படியே திருப்பிப் போட்ட கேலி. நாவல் போரும் அரசியலுமாக மிக நீளமாகப் போவது. தொடர் அதன் வியாபாரக் குறும்பைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டது. அதில் ‘ஜாய் ஆஃப் லைஃப்’பின் ஆழத்தைத் தேடினால் கிடைக்காது, அது அதற்காக எடுத்ததும் இல்லை. ஓய்வு நாளில் பார்க்க நல்ல தொடர்.

மன்னரைப் பற்றிய கருத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். முடியை அவிழ்த்துப்போட்டு, தளர்ந்த அங்கியோடு உட்கார்ந்து அம்பு முனையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரைச் சிலர் பாசக்கார அப்பா மாதிரி என்கிறார்கள், சிலர் ஒன்றுக்கும் உதவாத அரசர் என்கிறார்கள். மூன்று பருவங்களாகத் திட்டமிட்ட கதையில் முதல் இரண்டை வைத்துக்கொண்டு அவரை எடை போட முடியாது. நாவலைப் படித்தவர்கள் இந்தப் பேச்சு வந்தாலே வாயை மூடிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள்.