மலையிலிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இறங்குகிறவர்களுக்கு

போன ஐப்பசியில் அம்மாவை முதுகு ஸ்கேனுக்காகக் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு அழைத்துப் போனேன். இருபது வருடம் தேயிலை பறித்த முதுகு. ஸ்கேன் அறை வாசலில்தான் அவருடைய தாலிக்கொடியில் ஆறு ஊக்குகள் தொங்குவதை டெக்னீஷியன் பார்த்தார். மூக்குத்தியின் திருகோ இறுகிப்போய்க் கழலவே இல்லை. எங்கள் முறை தள்ளிப்போய், கடைசி பஸ்ஸும் போய்விட்டது. முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அம்மா அன்றிரவு வலியோடு லாட்ஜ் கட்டிலில் படுத்திருக்க வேண்டியதில்லை.

1. உலோகத்தை வீட்டிலேயே கழற்றுங்கள்

எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதே காந்தத்தால்தான். பெரும்பாலான ஸ்கேன் மையங்களில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம்; டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு. பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் அதிக வலிமை. ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. இரும்பு ஊக்கு அதை நோக்கிப் பறக்கும். தங்கம் பறக்காது, ஆனால் படத்தைக் கெடுக்கும், சூடாகவும் கூடும். மூக்குத்தியை முதல் நாளே தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றுங்கள். ஜாக்கெட் கொக்கி, ஸ்வெட்டர் ஜிப், கொண்டை ஊசி எதையும் விடாதீர்கள்.

கழற்ற முடியாதவற்றை வாய்திறந்து சொல்லுங்கள்: பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், எலும்பில் வைத்த கம்பி. தேயிலை ஃபேக்டரியில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர் கண்ணில் என்றைக்காவது இரும்புத்துகள் பட்டிருந்தால், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பச்சை குத்திய பாட்டிமார் நம் மலையில் நிறையப் பேர். சில மைகளில் இரும்பு கலந்திருக்கும், அந்த இடத்தில் சூடு தெரியலாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

2. ரத்தப் பரிசோதனையை மேலேயே முடியுங்கள்

மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால் கடோலினியம் கலந்த ஊசி போடுவார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அதில் கவனம் தேவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து, அந்தச் சீட்டோடு இறங்கினால் ஒரு நாள் மிச்சம்.

3. உள்ளே அசையாதீர்கள்

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தம் வரிசைப்படுத்துகிறது, ரேடியோ அலை தட்டிச் சாய்க்கிறது. அவை மீண்டும் நிமிரும்போது வெளிவரும் சிக்னலே படமாகிறது. கதிரியக்கம் கிடையாது. இதற்கு வழிகாட்டிய லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேகரிக்க முடியும்; நடுவில் அசைந்தால் படம் கலங்கிவிடும். பல ஆன்டெனாக்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை, குறைந்த தகவலிலிருந்து முழுப் படத்தையும் கணக்கிட்டு எடுக்கும் முறை, இப்போது செயற்கை நுண்ணறிவு என ஒவ்வொன்றும் இந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. கூனல் முதுகோடு மல்லாந்து படுக்கும் வயதானவர்களுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் பெரிது. டமடமவென்று சத்தம் கேட்கும், காதடைப்பான் தருவார்கள். கையில் கொடுக்கும் பந்தை அழுத்தினால் உடனே வருவார்கள். இதை அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன். கடைசிவரை அழுத்தவில்லை, ஆனால் விடாமல் பிடித்திருந்தார்.

4. படத்தைப் பாருங்கள்

டி2 என்று போட்டிருக்கும் படத்தை எடுங்கள். அதில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் ஒரு வெள்ளைக் கோடு. எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு ஈரத்தோடு இருந்தால் நடுப்பகுதி வெளுத்திருக்கும், வற்றினால் கறுக்கும். அம்மாவின் படத்தில் கீழிருந்து இரண்டாவது ஜவ்வு கறுத்து, பின்பக்கம் பிதுங்கி, அந்த வெள்ளைக் கோட்டை நெளித்திருந்தது. ஆனால் வலியே இல்லாத பலருக்கும் ஜவ்வு கறுத்திருக்கும். படத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். காலைத் தூக்கிப் பார்த்து, மரத்துப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

தலை ஸ்கேனில் டிஃப்யூஷன் என்று ஒரு வகை உண்டு. ரத்தம் போகாமல் செல்கள் வீங்கும்போது தண்ணீர் நகர முடியாமல் தேங்குகிறது. அந்த இடம் பளீரென்று தெரியும். எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் புலப்படாத ஆரம்ப மணிகளிலேயே இது பக்கவாதத்தைக் காட்டிவிடும். அதற்காக எம்.ஆர்.ஐ. இருக்கும் ஊரைத் தேடி அலையாதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு. வாய் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ 108-ஐக் கூப்பிட்டு, பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

5. படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள்

ஃபிலிமில் சில படங்களே இருக்கும், சி.டி. தட்டில் எல்லாம் இருக்கும். இரண்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், நம் வீடுகளில் மூடுபனியின் ஈரம் எதையும் விடாது. அடுத்த முறை இறங்கும்போது பழைய ஃபிலிமை மறக்காமல் எடுத்துப் போங்கள்.