ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு: ஒரு ஜாப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொழில் நன்றாகவே தெரியும். அடுத்தவர் செய்த வேலைக்கு மதிப்பெண் போடும்போதுதான் கை தயங்கும். இரண்டாண்டு ஃபிட்டர் பிரிவின் தொடக்கத்தில் வரும் அராவும் ஜாப் (அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் பயிற்சி வேலை) ஒன்றை வைத்து அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விதியைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் வகுத்த முறைப்படி மதிப்பீடு இரண்டு வகை. பயிற்சிக் காலம் முழுக்க நாம் செய்யும் தொடர் மதிப்பீடு ஒன்று, அகில இந்தியத் தொழிற்தேர்வு மற்றொன்று. எழுத்துப் பாடங்களில் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. செய்முறையிலும் தொடர் மதிப்பீட்டிலும் 60 சதவீதம் வேண்டும். கையால் செய்யும் வேலைக்கு இந்தப் படிப்பு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

படி 1: மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

நம் ஜாப் ஓர் எம்.எஸ். பிளாட்டை (மென்எஃகுப் பட்டையை) 75 × 75 மி.மீ. சதுரமாக அராவுவது. இந்தக் கட்டத்தில் பாடத்திட்டம் கேட்கும் துல்லியம் ±0.25 மி.மீ. பாதுகாப்பு, கருவியைக் கையாளுதல், அளவு, செங்கோணம், சமதளம், பரப்பின் நேர்த்தி, வேகம், பொருளை வீணாக்காமை, வாய்மொழிக் கேள்வி எனத் தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று குறித்துவிடுங்கள். அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே மாணவர்கள் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும். எதற்கு மதிப்பெண் என்று தெரியாமல் வேலை செய்ய வைப்பது நியாயமில்லை.

படி 2: வேலை நடக்கும்போதே குறியுங்கள்

முடிந்த துண்டைப் பார்த்தால் அது எப்படி முடிந்தது என்று தெரியாது. பெஞ்சுகளுக்கு நடுவே தாளோடு நடந்துகொண்டே இருங்கள். கைப்பிடி இல்லாத அரத்தை எடுக்கிறாரா? இரும்புத் தூளை வாயால் ஊதுகிறாரா, பிரஷால் தட்டுகிறாரா? நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை அரங்களோடு சேர்த்துப் போட்டிருக்கிறாரா? பின்னுக்கு இழுக்கும்போதும் அரத்தை அழுத்துகிறாரா? பார்த்ததை அந்த நிமிடமே எழுதுங்கள். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால், துறுதுறுவென்று பேசும் மாணவருக்குக் கூடுதலாகவும் ஓரமாக நின்று ஒழுங்காக வேலை செய்தவருக்குக் குறைவாகவும் விழுந்துவிடும்.

படி 3: ஓரிடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள்

பிசிறை நீக்கச் சொல்லிவிட்டு, ஒரே பக்கத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். இடது ஓரத்தில் 74.96, நடுவில் 75.20, வலது ஓரத்தில் 74.90 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் ±0.25க்குள் இருப்பதால் அளவுக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின் அலகை அந்த விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு ஓரங்களிலும் ஒளிக்கீற்று தெரியும். நடுப்பகுதி மேடாக நிற்கிறது. சமதளத்துக்கான மதிப்பெண் இங்கே குறைகிறது.

காரணத்தையும் தாளில் எழுதுங்கள். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது இடது கை அதிகம் அழுத்த வேண்டும், நடுவில் இரு கைகளும் சமமாக, முடிவில் வலது கை. இந்த மாற்றம் கைக்குப் பழகாதபோது அரம் ஆடுகிறது, ஓரங்கள் தேய்கின்றன. வெறுமனே ‘சரியில்லை’ என்று எழுதினால் அந்த மாணவர் அடுத்த ஜாப்பையும் இப்படியேதான் அராவுவார். பின்னால் வரும் பொருத்து வேலைகளில் ±0.04 மி.மீ. கேட்பார்கள். அதற்குள் இந்த ஆட்டம் நின்றிருக்க வேண்டும்.

படி 4: இரண்டு கேள்விகள் போதும்

அவருடைய ஜாப்பைக் கையில் கொடுத்தே கேளுங்கள். “இந்த ஓரம் ஏன் தேய்ந்தது?”, “இந்த வெர்னியரின் மீச்சிற்றளவு என்ன?” மனப்பாட வரையறைகளைக் கேட்க எழுத்துத் தேர்வு இருக்கிறது.

படி 5: மொத்தத்தைச் சரிபாருங்கள்

அவ்வப்போது வழிகாட்டல் பெற்று ஏற்கத்தக்க தரத்தில் முடித்தால் 60 முதல் 75 சதவீதம். சிறிதளவு உதவியே தேவைப்பட்டு, துல்லியமும் நேர்த்தியும் கூடினால் 75 முதல் 90. ஏறக்குறைய உதவியே இல்லாமல் உயர்ந்த தரத்தில் முடித்தால் 90க்கு மேல். கூட்டிய எண்ணும் நீங்கள் கண்ணால் பார்த்ததும் ஒத்துவராவிட்டால் தாளை மறுபடி பாருங்கள். எல்லோருக்கும் 75 என்று ஒரேயடியாகப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உழைத்தவருக்கும் அது அநீதி, திணறுபவருக்கும் அநீதி.

படி 6: நேரில் சொல்லி, பத்திரப்படுத்துங்கள்

தாளை மாணவரிடம் காட்டி, குறைந்த இடத்தை ஜாப்பிலேயே தொட்டுக் காட்டுங்கள். 60ஐ எட்டாதவருக்கு வேறொரு துண்டு கொடுத்து மீண்டும் செய்யச் சொல்லி, அந்த மதிப்பீட்டையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டுத் தாள், ரெக்கார்டு நோட்டு, தினசரி டைரி, முன்னேற்ற அட்டவணை, வருகைப்பதிவு எல்லாம் அடுத்து வரும் தேர்வு வரை கைவசம் இருக்க வேண்டும். தேர்வு நடத்தும் அமைப்பு அவற்றைத் தணிக்கைக்குக் கேட்கலாம்.