நடுகல் படங்களுக்கு ஒரு சொந்த இணையதளம்: இலவசக் கருவிகளில் எதை எடுப்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல் (இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்) இல்லாத திசை இல்லை. பல ஊர்களில் அதை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஏரிக்கரை, கொல்லை, புதர் என்று தேடிப்போய்ப் படம் எடுக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் எடுத்த படமும், ஊர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதிய குறிப்பும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் மேலே ஓடிவிடுகின்றன. அடுத்த வருடம் யாராலும் தேடி எடுக்க முடியாது. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பணமும் வேண்டாம், கோடிங்கும் தெரிய வேண்டாம்.

படி 1: தாளில் எழுதுங்கள்

தளத்தில் என்னென்ன இருக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ப்பீர்கள், கணினியில் செய்வீர்களா, போனிலேயே செய்வீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதிக் கருவிகள் தானாகக் கழிந்துவிடும்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

உங்களைப் பற்றி ஒரு பக்கம், வேலைகளைப் பற்றி ஒரு பக்கம், தொடர்புக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான் என்றால் கூகுள் சைட்ஸ் போதும். ஜிமெயில் கணக்கு இருந்தால் உடனே தொடங்கலாம், விளம்பரம் வராது. ஆனால் திருத்த வேண்டும் என்றால் கணினி முன்னால் உட்கார வேண்டும்.

வாரம் ஒரு கல், மாதம் ஒரு ஊர் என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு என் பரிந்துரை பிளாகர். 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. தோற்றம் கொஞ்சம் பழசுதான். ஆனாலும் போனிலிருந்தே பதிவிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் லேபிள் கொடுக்கலாம்: பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, பர்கூர் என்று. படிக்கிறவர் தன் ஊரை அழுத்தினால் அந்த ஊர்க் கற்கள் மட்டும் வரும். எழுதியதை எல்லாம் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. என்னைக் கேட்டால், இலவசக் கருவியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேர்ட்பிரஸ்.காம் தோற்றத்தில் அழகு. இலவசத் திட்டத்தில் இடம் 1 ஜிபிதான், அவர்கள் விளம்பரமும் வரும். விக்ஸில் இழுத்து இழுத்து வைத்தே பக்கம் கட்டிவிடலாம், ஆனால் கட்டிய தளத்தை அப்படியே வேறு இடத்துக்கு எடுத்துப்போக முடியாது. அதனால் நான் யாருக்கும் சொல்வதில்லை. இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் படிக்கும் கல்லூரி மாணவர் என்றால், தானே எழுதிய பக்கத்தை இலவசமாக வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸைப் பாருங்கள். கற்றதைப் பழகிக்கொள்ளவும் அது உதவும்.

படி 3: முகவரி

பிளாகரில் ஜிமெயிலால் உள்ளே போய்ப் புதிய பிளாக் தொடங்குங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியை மட்டும் சின்ன ஆங்கில எழுத்தில், போனில் வாயால் சொன்னாலே புரிகிற மாதிரி வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பதிவின் தலைப்பு தமிழில் இருந்தால் அந்தப் பக்கத்தின் முகவரி வெறும் ‘பிளாக் போஸ்ட்’ என்று, பின்னால் ஒரு எண்ணோடு அமைந்துவிடும். வெளியிடுவதற்கு முன் அமைப்புகளில் ‘பெர்மாலிங்க்’ (பக்கத்தின் நிலையான முகவரி) என்பதைத் திறந்து, ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள்.

படி 4: எழுத்தும் படமும்

டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய குறிப்பு பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பிவிடும். இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு ஒட்டுங்கள். தகவலைப் படத்தின் மேல் போஸ்டர் மாதிரி எழுதிப் போடாதீர்கள். ஊரின் பெயர், ‘நடுகல்’, ‘வேடியப்பன்’ எல்லாம் எழுத்தாகவே பதிவில் இருந்தால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

போனில் எடுத்த படம் ஒன்றே 5 எம்பி வரை வரும். அப்படி 200 படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ்.காம் இலவசமாகத் தரும் 1 ஜிபி தீர்ந்துவிடும், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கமும் திறக்காது. ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே வேலை செய்யும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் படம் சில நூறு கேபிக்கு இறங்கிவிடும். கல்வெட்டு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக, எழுத்து தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம் போடுங்கள். பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர் ஒருவர் என்றாவது அதைப் பார்ப்பார்.

இன்னொன்று. போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். புதையல் இருக்கும் என்று கல்லைத் தோண்டிவிடுகிறவர்கள் உண்டு. ஊர்ப் பெயர் வரைக்கும் போதும், கல் நிற்கும் கொல்லையின் துல்லியமான இடம் வேண்டாம். நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 5: வெளியிடுதல்

‘பப்ளிஷ்’ அழுத்திய பிறகு, அமைப்புகளில் தேடுபொறிகளுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் தளத்தைத் திறந்து, ஒவ்வொரு லேபிளையும் அழுத்திப் பாருங்கள். எல்லாப் படமும் வருகிறதென்றால் இணைப்பை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பலாம்.