உப்பேறிய கரும்பலகைக்கு ஒரு வைத்தியம்

தீவுப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராகச் சேர்ந்த எனக்குப் பாடத்திட்டத்தைவிடப் பெரிய தலைவலி கரும்பலகைதான். காலையில் சாக்பீஸ் வழுக்கும், எழுத்து பதியாது. கடற்காற்று சுமந்துவரும் உப்பு, பலகையில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். உலர்ந்த துணியால் எவ்வளவு துடைத்தாலும் அது இடம் மாறுமே தவிரப் போகாது.

மழைநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு, அது உதவாது. பலகை நன்றாகக் காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுப் பரப்பிலும் தேய்த்து, உலர்ந்த துணியால் அழித்தேன். நுண்துளைகளில் தூள் நிரம்பியதும் எழுத்து பளிச்சென்று விழுந்தது.

சாக்பீஸ்களை இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவைக்கிறேன். துடைக்கும் வேலையைப் பிள்ளைகளே முறைவைத்துப் பறித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தில் அந்த ஆர்வம் இன்னும் வரவில்லை. அதற்கு வேறு வைத்தியம் தேடிக்கொண்டிருக்கிறேன்.